ஒரு கை சீனி குறைத்து

வெள்ளிக்கிழமை காலை நிகழ்ச்சிக்குக் கனமான தலைப்பு எதையும் நாங்கள் எடுப்பதில்லை. வேலைக்குப் போகும் வழியில் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஏற்கெனவே எரிச்சலில் இருக்கும் நேயரிடம் விலைவாசியைப் பற்றிக் கேட்பது பாவம். அன்றைக்கு நான் எடுத்த தலைப்பு: "உங்களுக்குப் பிடித்த கப் கேக் சுவை எது?" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த தயாரிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். இதற்கெல்லாம் யார் அழைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

பத்து நிமிடத்தில் எல்லா இணைப்புகளும் நிரம்பிவிட்டன. கிள்ளானிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், மைலோதான் என்றார். அதுவும் மேலே காய்ந்த மைலோ தூள் தூவியிருக்க வேண்டுமாம், பல்லில் நறநறவென்று கடிபட வேண்டுமாம். சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு பாட்டி, பண்டான் இலைச் சாறு விட்டு நடுவில் குலா மெலாக்கா வைத்தது என்றார். செய்முறையும் சொல்ல ஆரம்பித்தார். விளம்பரத்துக்கு நேரமாகிவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று, இன்னும் உறுத்துகிறது. ஒரு கல்லூரி மாணவி ரெட் வெல்வெட் என்றாள். ரெட் வெல்வெட்டுக்கு என்ன சுவை என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சிவப்புங்கக்கா" என்றாள். அந்த வாரத்தின் மிக நேர்மையான பதில் அதுதான்.

அப்புறம் ஒருவர் திருப்பிக் கேட்டார். "எங்கள கேக்குறீங்களே, உங்களுக்கு என்னா பிடிக்கும்?"

வானொலியில் இரண்டு விநாடி மௌனம்கூட நீளம். "நான் தானா ராத்தாக்காரி. வேற என்ன, ஸ்ட்ராபெரிதான்" என்று சிரித்தேன். பொய் சொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுச் சமையலறையில் அம்மா ஒரு தட்டு நிறைய ஸ்ட்ராபெரி கப் கேக்குகளைக் குப்பைப் பையில் கொட்டினார். கொட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே, "எனக்குக் கை போச்சு, பாப்பா" என்று சொன்னார். அதை நேரலையில் எப்படிச் சொல்வது?

அம்மாவுக்குக் கை போனால் அது சாதாரண விஷயமில்லை. எங்கள் லயத்தில் பிறந்தநாள் என்றால் அம்மாவின் கேக்தான். தானா ராத்தாவிலிருந்து சில மைல் தள்ளி ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிறந்தேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் வேலை. அம்மாவுக்குக் கொழுந்துக் கூடை. காலையில் பெரட்டுக்குப் போய், மத்தியானம் கொழுந்து நிறுத்து, சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகுதான் அவருக்கு மாவும் முட்டையும். அடுப்பின்மேல் தூக்கி வைக்கிற அலுமினியப் பெட்டி ஓவன் ஒன்று இருந்தது. ஒரு தடவைக்குப் பன்னிரண்டுதான் வேகும். அறுபது கேக் வேண்டும் என்றால் ஐந்து தடவை. நான் காகிதக் கிண்ணங்களைப் பிரித்து வைக்கும் உதவியாளர். இரண்டு காகிதம் ஒட்டிக்கொண்டு போய்விட்டால் தலையில் ஒரு குட்டு விழும்.

சுவை என்றால் கடையில் என்ன கிடைக்கிறதோ அது இல்லை, அக்கம்பக்கத்தில் எது மிஞ்சுகிறதோ அதுதான். ஸ்ட்ராபெரித் தோட்டத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டு அக்கா, விற்க முடியாத அடிபட்ட பழங்களைப் பையில் கொண்டுவந்து கொடுப்பார். கேமரன் மலைப் பழத்துக்குப் புளிப்பு அதிகம். சுற்றுலா வருகிறவர்கள் ஒன்றைக் கடித்துவிட்டு முகத்தைச் சுளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் கேக்குக்கு அந்தப் புளிப்புதான் வேண்டும். மேலே இருக்கிற சீனியின் திகட்டலை அது வெட்டிவிடும். பழத்தை அப்படியே அரைத்து ஐசிங்கில் ஊற்றினால் ஐசிங் தயிர் திரிந்த மாதிரி ஆகிவிடும். ஸ்ட்ராபெரியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அதனால் அம்மா முதலில் அதைச் சட்டியில் போட்டு, கரண்டியை நிமிர்த்தினால் விழாத பதத்துக்குச் சுண்ட வைப்பார். லயம் முழுக்க அந்த வாசம் போகும். யார் வீட்டுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

சீனப் பெருநாள் முடிந்தால் ஆரஞ்சு. காய்கறித் தோட்டத்து சீனக் குடும்பங்கள் பெட்டி பெட்டியாக மாண்டரின் ஆரஞ்சு கொடுப்பார்கள். பழத்தை நாங்கள் தின்று தீர்ப்போம், தோலை அம்மா சீவி எடுத்துக்கொள்வார். நோன்புப் பெருநாளுக்குப் பக்கத்தில் பண்டான், ஏனென்றால் அப்போதுதான் மலாய்க்காரத் தோழி ஒருவர் வீட்டிலிருந்து இலை வரும். குளிரில் எங்கள் பக்கம் பண்டான் செழிப்பதில்லை. தீபாவளிக்கு ரோஸ் சிரப் விட்ட இளஞ்சிவப்பு ஐசிங். அதற்கு மேல் சாக்லேட் ரைஸ் தூவினால் பிள்ளைகளுக்குத் தீபாவளி முழுமை.

அப்பாவுக்கு மட்டும் தே. நேரம் முழுக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வருகிற மனிதருக்கு வீட்டில் தேயிலைக் கேக் எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். கொழுந்தை வாட்டும்போது வரும் பச்சை வாசம், உருட்டி ஆறப்போட்டதும் அது ஆப்பிள்போல மாறுவது, கடைசியில் சூட்டில் உலர்த்தும்போது வரும் கருகல், எல்லாம் அவர் சட்டையில் இருக்கும். அம்மா தூள் தேயிலையைப் பாலில் போட்டு, சிவந்து கசக்கும்வரை கொதிக்கவிட்டு, வடிகட்டி, அந்தப் பாலைத்தான் மாவில் ஊற்றுவார். மேலே மெல்லிசாக ஒரு பூச்சு ஐசிங். அப்பா அந்த ஐசிங்கையும் கரண்டியால் வழித்து என் தட்டில் வைத்துவிட்டு, வெறும் கேக்கைத் தேநீரில் தோய்த்துச் சாப்பிடுவார். நாற்பது வயதிலேயே அவருக்கு இனிப்புநீர் வந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று கண்டார்கள். அந்தச் செய்தியை நான் வானொலியில் வாசித்தேன். வாசிக்கும்போது அந்தக் கரண்டிதான் ஞாபகத்துக்கு வந்தது.

இந்தக் கேக் எங்கள் குடும்பத்துக்கு வந்த கதையும் சொல்ல வேண்டும். 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தோட்டத்தைத் தொடங்கியதிலிருந்து கேமரன் மலையில் தேயிலை பரவியது, தமிழர்களும் மேலே வந்தார்கள். குளிருக்காக வெள்ளைக்காரர்களும் வந்தார்கள். தானா ராத்தாவில் 1951 முதல் 1964 வரை பிரிட்டிஷ் ராணுவத்தாரின் பிள்ளைகளுக்கென்றே ஸ்லிம் பள்ளி என்று ஒரு விடுதிப் பள்ளிகூட நடந்தது. அந்தக் காலத்தில் அம்மாவின் அம்மா ஒரு பங்களாவில் சமையல் உதவிக்குப் போனார். அங்கே துரைசானி சுடுகிற குட்டிக் கேக்குக்கு 'ஃபேரி கேக்' என்று பெயர். முட்டை என்ன எடையோ அதே எடைக்கு பட்டர், சீனி, மாவு. அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே தராசு இல்லாமல் கோப்பையால் அளந்தார்கள்: ஒரு கோப்பை பட்டர், இரண்டு சீனி, மூன்று மாவு, நான்கு முட்டை. 1796-இல் அமேலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி எழுதிய சமையல் நூலில் சின்னக் கோப்பைகளில் சுடும் கேக் ஒன்று இருக்கிறது. 1828-இல் எலைசா லெஸ்லி தன் நூலில் 'கப் கேக்' என்றே பெயர் போட்டுவிட்டார். இது பற்றியெல்லாம் பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. அவருக்குத் தெரிந்தது, துரைசானி சுடுகிற கேக் ஒவ்வொரு முறையும் பொங்கி எழுந்து, பிறகு நடுவில் குழி விழுந்துவிடுகிறது என்பதுதான்.

துரைசானி புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துச் சுடுவாராம், குழி விழுமாம். ஒரு நாள் அவர் இல்லாதபோது பாட்டி, அளந்து வைத்திருந்த சீனியில் ஒரு கை அள்ளித் திரும்ப டின்னில் போட்டார். பொங்க வைக்கும் பவுடரையும் கரண்டியில் கால் பாகம் தட்டிவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்று கேட்டால், "ரொம்ப துள்ளுறதுதான் விழும்" என்பாராம். கேக் நின்றது. மாதக் கடைசியில் சீனி டின் காலியாகாமல் இருப்பதைப் பார்த்துத் துரைசானிக்குச் சந்தேகம் வந்ததாம். சீனி குறைந்தால் திருட்டு என்று கேட்கலாம், கூடினால் என்னவென்று கேட்பது? கடைசியில் பாட்டியே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கணக்கு: ஒரு பவுண்டு சீனிக்கு ஒரு கை குறைக்க வேண்டும், பவுடரில் கால் பாகம் தட்டிவிட வேண்டும், பால் கொஞ்சம் தாராளமாக ஊற்ற வேண்டும், ஓவன் சூட்டைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். அம்மாவுக்கு இது மனப்பாடம். எழுதி வைத்த தாள் எதுவும் கிடையாது.

நான் கோலாலம்பூரில் ஊடகவியல் படித்துக்கொண்டிருந்தபோது நகரத்தில் கப் கேக் மோகம் உச்சத்தில் இருந்தது. நியூயார்க்கில் 1996-இல் திறந்த மேக்னோலியா என்ற ஒரு பேக்கரியை, 2000-இல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் காட்டப்போக, உலகம் முழுவதும் அந்தக் காய்ச்சல் பரவியது. நமக்குக் கொஞ்சம் தாமதமாக வந்தது. ஒரு கேக் ஐந்து வெள்ளி, ஆறு வெள்ளி. தோழிகளோடு போய் ஒன்று வாங்கினேன். கேக்கைவிட உயரமாக ஐசிங் கோபுரம். படம் எடுத்து அம்மாவிடம் காட்டியபோது, "இதுக்கா ஆறு வெள்ளி? முழுக்கச் சீனிதானே" என்றார். அம்மா சொன்னது சரிதான். அந்த வகை ஐசிங்குக்கு 250 கிராம் பட்டர் என்றால் 500 கிராம் ஐசிங் சீனி. பன்னிரண்டு கேக்குக்குப் பங்கு போட்டால் தலைக்கு 40 கிராமுக்கு மேல், அதாவது பத்துத் தேக்கரண்டி. ஒரு நாளைக்கே 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். என் அபிப்பிராயத்தில் அதைச் சுவை என்றே சொல்லக்கூடாது. நாக்கு மரத்துப்போனபிறகு வெனிலா என்ன, வாழைப்பழம் என்ன?

அப்பா மூன்று ஆண்டுகளுக்கு முன் தவறிவிட்டார். ஓய்வு பெற்றபோதே தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தானா ராத்தாவில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். அப்பா போனபிறகு அம்மாவைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை. பூச்சோங்கில் பதினோராவது மாடியில் இருக்கிற என் பிளாட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். வரும்போது அவர் கொண்டுவந்தது மூன்று பெட்டி: உடுப்பு, சாமி படங்கள், கேக் தட்டுகள்.

மின்சார ஓவன் வாங்கிக் கொடுத்தேன். அதைத் திருகி ஏற்றினால் போதும், அடுப்பு பார்க்க வேண்டாம் என்று பெருமையாகச் சொன்னேன். முதல் ஞாயிற்றுக்கிழமை தேயிலைக் கேக் சுட்டார். கல் மாதிரி வந்தது. மேலே கருத்துப்போய் வெடித்திருந்தது, உள்ளே ஈரம். ஓவன் பழக்கமில்லை என்று சமாதானம் சொன்னோம். இரண்டாவது தடவை ஆரஞ்சு, அதே கதை. மூன்றாவது தடவை ஸ்ட்ராபெரி. கேக்கும் எழும்பவில்லை, அதன்மேல் தடவிய ஐசிங் மெல்ல நழுவிப் பக்கவாட்டில் இறங்கி, காகிதத்தைத் தாண்டித் தட்டில் குளமாக நின்றது. அம்மா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகுதான் குப்பைப் பை, "கை போச்சு" எல்லாம்.

அந்த வாரம் அவர் சமையலிலும் உப்பை என்னிடம் ருசி பார்க்கச் சொன்னார். ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்டார். அம்மா என்னிடம் புளி கேட்டதே இல்லை. கேக் போனது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் கேள்விதான் பயமாக இருந்தது. கணவரும் போய், ஊரும் போய், இப்போது கையும் போய்விட்டது என்று அவர் உள்ளுக்குள் எழுதிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்தால் விளக்கைப் போடாமல் பால்கனியில் உட்கார்ந்திருப்பார். நான் நாளெல்லாம் யார் யாரிடமோ கலகலவென்று பேசுகிறவள். வீட்டில் அவரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் தொலைக்காட்சியைப் போட்டுவிடுவேன்.

வெள்ளிக்கிழமை நிகழ்ச்சிக்கு வருகிறேன். நான் தானா ராத்தாக்காரி என்று சொன்ன ஐந்தாவது நிமிடம் பிரிஞ்சாங்கிலிருந்து ஓர் அக்கா அழைத்தார். தனக்கு ஆரஞ்சுதான் பிடிக்கும் என்று சொல்லிவிட்டு, "ஆனா உங்க ஊருல கேக்கு சுட்டு நான் பட்ட பாடு இருக்கே" என்று ஆரம்பித்தார். தெலுக் இந்தானில் பிறந்து வளர்ந்தவர். கல்யாணமாகி மலைக்கு வந்த முதல் வருடம் சுட்ட கேக் எல்லாமே நடுவில் குழி. மாமியார் முன்னால் மானமே போச்சு என்றார். நேயர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் பொறி தட்டியது. பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இணைப்பைத் துண்டிக்க வேண்டாம் என்று கெஞ்சினேன்.

"அப்புறம் எப்படிச் சரி பண்ணீங்கக்கா?"

"பக்கத்து வீட்டு சீன அம்மா சொன்னாங்க. பவுடர கொற, சீனிய கொற, பால கூட்டு. கீழ உள்ள கணக்கு மேல ஒத்து வராதாம்."

பாட்டியின் கணக்கு அப்படியே! அந்தப் பாட்டு முடிய மூன்றரை நிமிடம் இருந்தது. நான் ஒட்டுக்காதணியைக் கழற்றிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அன்று இரவு தேடிப் படித்தேன். தானா ராத்தா என்றால் மலாயில் சமதரை. சமதரை என்று பெயர் வைத்த ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கீழே இருப்பதைவிட 15 விழுக்காடு குறைவு. தண்ணீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் 95-லேயே கொதித்துவிடும். கேக் மாவுக்குள் பவுடர் உண்டாக்கும் வாயுக் குமிழிகளை அழுத்திப் பிடிக்க ஆள் இல்லை. அதனால் அவை வேகமாகப் பெருத்து, மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே வெடித்துவிடும். கேக் எழும்பி விழும். ஈரம் சீக்கிரம் ஆவியாகிவிடுவதால் சீனியின் அடர்த்தி ஏறும், அதுவும் கேக்கை இறுகவிடாது. ஆகவே பவுடரைக் குறை, சீனியைக் குறை, பாலைக் கூட்டு, சூட்டை ஏற்று. அமெரிக்காவில் டென்வர் நகரம் 1,609 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்து மக்களுக்காகக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகம் இதற்கென்றே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. அதில் சொல்லியிருப்பது எல்லாம் ஒரு பங்களாவின் பின்கட்டில், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கையளவில் கண்டுபிடித்தது.

அந்தக் கணக்கை அப்படியே தூக்கிக்கொண்டு பூச்சோங்குக்கு வந்தால்? இங்கே காற்று கனம். குறைத்த பவுடர் கேக்கைத் தூக்கப் பற்றாது, கூடுதல் பால் உள்ளே தேங்கும், கூட்டிய சூடு மேலே கருக்கும். அம்மாவின் கல் கேக்குக்கு ஒவ்வொரு குறையும் ஒவ்வொரு காரணத்தோடு வந்து நின்றது. ஐசிங் நழுவியதும் அப்படித்தான். மலையில் பட்டரை மேசையில் வைத்தால் கத்தி இறங்கச் சிரமப்படும். மேற்குப் பார்த்த என் பிளாட்டில் பகல் வெயில் 33 டிகிரி. பட்டர் உருகுவதும் அந்தச் சூட்டில்தான்.

மறுநாள் காலை அம்மாவிடம் இதைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த மாதிரி அவர் முகம் மலரவில்லை. "காத்து மேல பழிய போடாத" என்றார். நான் கைப்பேசியில் படம் காட்டினேன். சோற்றை மேற்கோள் காட்டினேன். மலையில் பருப்பு வேக எவ்வளவு நேரம் ஆகும், இங்கே எவ்வளவு நேரம் ஆகிறது? அது அவருக்குப் பிடிபட்டது. வந்த புதிதில் இங்கே பருப்பு குழைந்துபோகிறது என்று அவரே சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப எங்கம்மா காத்தையா அளந்துச்சு?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"எங்கிட்ட சொல்லவே இல்லியே" என்றார், பாட்டி வேண்டுமென்றே மறைத்துவிட்ட மாதிரி.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் தராசோடு உட்கார்ந்தோம். அம்மா கையால் அள்ளியதை எல்லாம் முதன்முறையாக நிறுத்தேன். அவருடைய ஒரு கை 46 கிராம். நான் அள்ளினால் 52 வந்தது. "உனக்குக் கை பெரிசு, அப்பா கை" என்றார். பவுடரைத் தலைதட்டி முழுக் கரண்டி போட்டோம். பாலைக் குறைத்தோம். ஓவனை 190-இலிருந்து 175-க்கு இறக்கினோம். சீனிக்கு வந்தபோது, குறைத்த அந்த ஒரு கையைத் திரும்பச் சேர்க்கலாம், இங்கே அதனால் கேக் விழாது என்றேன். அம்மா மறுத்துவிட்டார். அவருக்கும் இப்போது சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. "சேத்தா உங்க அப்பா வழிச்சு உன் தட்டுல வப்பாரு" என்றார். அப்பாவைப் பற்றி அவர் நிகழ்காலத்தில் பேசியது அப்போதுதான். நான் திருத்தவில்லை.

கேக் எழும்பியது. குடை மாதிரி, வெடிப்பில்லாமல். ஓவன் கண்ணாடி முன்னால் இரண்டு பேரும் குந்திக்கொண்டு அதைப் பார்த்தோம். சீனி குறைந்ததால் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது, மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஐசிங்குக்குப் பாதி பட்டர், பாதி ஷார்ட்டனிங் கலந்தோம். இந்த வெயிலுக்கு நம்மூர் கேக் கடைக்காரர்கள் செய்வது அதுதான். வாயில் கொஞ்சம் மெழுகு மாதிரி இருக்கிறது என்று அம்மாவுக்குக் குறை. எனக்கும்தான். ஆனால் நின்றது. முதல் தட்டு தேயிலை. பதினோராவது மாடியில் எங்கள் வரிசையில் நான்கு வீடு இருக்கிறது. குடிவந்து ஐந்து வருடத்தில் நான் ஒரு வீட்டுக் கதவையும் தட்டியதில்லை. அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நான்கையும் தட்டிவிட்டு வந்தார். ஒரு வீட்டிலிருந்து மறுநாள் தட்டு நிறையக் குய் லாப்பிஸ் திரும்பி வந்தது. இன்னொரு வீட்டு அம்மா, தன் பேத்தியின் பிறந்தநாளுக்கு முப்பது வேண்டும், மைலோவில் முடியுமா என்று கேட்டு வந்தார். மைலோ எங்கள் வீட்டுச் சுவையே இல்லை. அம்மா முடியும் என்றுவிட்டார். கிள்ளான் லாரி ஓட்டுநர் சொன்னதை நான் சொன்னேன். மேலே காய்ந்த தூள் தூவினோம்.

போன பள்ளி விடுமுறையில் சின்னம்மா வீட்டுக்கு மலையேறினோம். தாப்பாவிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வளைவு, அம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுக் குளிர் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துக்கொண்டே வந்தார். ரிங்லெட் தாண்டியதும் சால்வையைப் போர்த்திக்கொண்டார். வழியில் ஸ்ட்ராபெரி வாங்கினோம், நல்ல புளிப்பு. சின்னம்மா வீட்டில் பிள்ளைகள் கேக் கேட்டார்கள். அம்மா உற்சாகமாகச் சேலையைச் செருகிக்கொண்டு ஆரம்பித்தார். பூச்சோங்கில் சுட்டுச் சுட்டுப் பழகியாயிற்று. பவுடர் முழுக் கரண்டி, பால் குறைவு, சூடு குறைவு. நானும் பக்கத்தில் காகிதக் கிண்ணம் பிரித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் உறைக்கவில்லை.

இருபத்து நான்கு கேக்கும் பொங்கின. இருபத்து நான்கும் நடுவில் குழி விழுந்தன.

நான் அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் கீழ உள்ளவளாயிட்டேன்டி" என்று சின்னம்மாவிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பிறகு சட்டியில் சுண்டியிருந்த ஸ்ட்ராபெரியை ஒவ்வொரு குழியிலும் ஒரு கரண்டி ஊற்றி, அதன்மேல் மெல்லிசாக ஐசிங் தடவி மூடினார். கடித்தால் நடுவில் புளிப்பு வழிந்தது. என்னை இப்போது யாராவது நேரலையில் கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

சின்னம்மாவின் பேரன் நான்காவதைக் கையில் எடுத்துக்கொண்டு, "பெரிய பாட்டி, இது என்ன ஃபிளேவர்?" என்று கேட்டான்.

"பூச்சோங் ஃபிளேவர்" என்றார் அம்மா.